மதியத் தூக்கமும் டே கேரும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன: டே கேருக்குப் போகும் குழந்தையின் பகல் தூக்கம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன். பல வருடம் காப்பகத்தில் குழந்தைகளைப் படுக்கவைத்து, தட்டிக்கொடுத்து, எழுப்பிவிட்டவள் என்ற முறையில்தான் பதில் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் போகவேண்டிய விஷயம் வந்தால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா, என் பெண்ணுக்கு 14 மாதம். வீட்டில் இருந்தவரை காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று இரண்டு முறை தூங்குவாள். டே கேரில் ஒரே ஒரு தூக்கம்தான். 12.30க்குப் படுக்கவைத்து 2 மணிக்கு எல்லோரையும் எழுப்பிவிடுகிறார்கள். சாயங்காலம் கூட்டிவரும்போது வண்டியிலேயே தூங்கிவிடுகிறாள். எழுப்பினால் ஒரே அழுகை, விட்டால் இரவு 10.30 வரை விளையாட்டு. சனி, ஞாயிறு பழையபடி இரண்டு தூக்கம், திங்கட்கிழமை மறுபடி முதலிலிருந்து அவஸ்தை. யார் மாறவேண்டும்? அவளா, டே கேரா, நானா?

இரண்டு தூக்கம் ஒன்றாகச் சுருங்குவது பெரும்பாலான குழந்தைகளுக்கு 12 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் நடுவில் நடக்கும். உங்கள் பெண் அதன் நடுவில் நிற்கிறாள். சில நாள் ஒன்று போதும், சில நாள் காலை 10 மணிக்கே கண் சொக்கும். டே கேர் அவளைக் கொஞ்சம் முன்கூட்டியே ஒற்றைத் தூக்கத்துக்குத் தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான். அதில் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் பழக ஒரு சில வாரமாவது ஆகும்.

முதலில் அவர்களிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். காலையில் 9.30 வாக்கில் கண்ணைக் கசக்கினால் ஒரு அரை மணி நேரம் மட்டும் ஓரமாகப் படுக்கவைக்க முடியுமா என்று. கைக்குழந்தைகள் அறையில் ஒவ்வொரு குழந்தையும் தன் நேரத்துக்குத் தூங்கும். அடுத்த அறைக்கு மாற்றியதும்தான் எல்லோருக்கும் ஒரே நேரம் என்று ஆகிறது. கேட்டால் சில நல்ல டீச்சர்கள் செய்து தருவார்கள். ஆள் இல்லை, முடியாது என்றால் வற்புறுத்த வேண்டாம். உங்கள் கையில் வேறொன்று இருக்கிறது.

அதுதான் இரவு படுக்கும் நேரம். டே கேரில் நடக்கும் தூக்கம் உங்கள் கையில் இல்லை, இரவு எப்போது விளக்கை அணைப்பது என்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது, ஆனால் நிறைய பேர் அதைத் தொடுவதே இல்லை. 8.30 என்றால் 8.30தான் என்று இருந்துவிட்டு, மதியத் தூக்கத்தையே பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார்கள். ஒன்றரை மணி நேரம் மட்டும் தூங்கிய நாளில் அவளை 7 மணிக்கே படுக்கவையுங்கள், 6.45 ஆனாலும் தப்பில்லை. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி 2016இல் வெளியிட்ட பரிந்துரைப்படி 1 முதல் 2 வயது வரை ஒரு நாளைக்கு, பகலும் இரவும் சேர்த்து, 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. மதியம் ஒன்றரை, இரவு 11 என்றால் பன்னிரண்டரை வந்துவிட்டது. மதியத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் குறைவாகத் தெரியும், 24 மணி நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் குறையே இருக்காது.

"5.30க்குக் கூட்டிவருகிறேன், 7 மணிக்குத் தூங்கவைத்துவிட்டால் நான் என் பிள்ளையை எப்போதுதான் பார்ப்பது?" என்று இந்த இடத்தில் எல்லா அம்மாக்களும் கேட்பார்கள், நியாயமான கேள்வி. நாள் முழுக்கப் பிரிந்திருந்துவிட்டு வந்த உடனே படுக்கவைப்பது மனதுக்குக் கஷ்டம்தான். ஆனால் அந்த நேரத்தில் உங்களிடம் இருப்பது தூக்கக் கலக்கத்தில் நை நை என்று அழும் குழந்தை. நேரத்தோடு தூங்கியவள் காலையில் 6 மணிக்குச் சிரித்துக்கொண்டு எழுந்திருப்பாள், அந்த ஒரு மணி நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் இப்படியே இருக்கப்போவதில்லை. ஒற்றைத் தூக்கம் பழகப் பழக மதியத் தூக்கமே தானாக நீளும், இரவு நேரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளலாம்.

அடுத்தது அந்த வண்டித் தூக்கம். தூக்கத்தை இரண்டு விஷயங்கள் நடத்துகின்றன என்று அலெக்சாண்டர் போர்பேய் என்ற ஆய்வாளர் 1982இல் விளக்கினார். ஒன்று உடம்பின் உள்கடிகாரம். இன்னொன்று, விழித்திருக்க விழித்திருக்கச் சேர்ந்துகொண்டே போகும் தூக்க அழுத்தம். இந்த இரண்டாவது பசி மாதிரி. 5 மணிக்குக் கொஞ்சம் கொறித்துவிட்டால் இரவுச் சாப்பாடு இறங்காது, அதே மாதிரிதான் 15 நிமிட வண்டித் தூக்கமும் இரவுக்காகச் சேர்ந்திருந்ததைத் தின்றுவிடுகிறது. அதனால் வரும் வழியில் அவளோடு பேசிக்கொண்டே வாருங்கள், ஜன்னலைத் திறந்துவிடுங்கள், கையில் ஏதாவது கொடுங்கள், பக்கத்தில் உட்கார இன்னொருவர் இருந்தால் இன்னும் நல்லது. அப்படியும் தூங்கிவிட்டால் 10, 15 நிமிடத்தில் எழுப்பிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் சாப்பாடு, பிறகு குளியல், பிறகு படுக்கை. அவள் கண் செருகுவதற்குள் சாப்பாடு முடிந்திருந்தால் உங்களுக்குப் பாதி பதற்றம் குறையும்.

சனி, ஞாயிறு பற்றி. டே கேர் நேரத்தையே வீட்டிலும் பிடியுங்கள், ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டாம். 12 மணிக்குப் படுக்கவைத்தால் போதும். காலையில் ரொம்பவே சோர்ந்துபோனால் 20 நிமிடம் தூங்கட்டும், ஒன்றரை மணி நேரம் விட்டுவிடாதீர்கள். விட்டால் மதியத் தூக்கம் 4 மணிக்குப் போய்விடும், அதிலிருந்துதான் ஞாயிறு இரவு கலாட்டா ஆரம்பிக்கிறது.

என் மகனுக்கு மூன்றரை வயது. டே கேரில் மதியம் இரண்டு மணி நேரம் தூங்குகிறான். இரவு 10.30 வரை புரண்டு புரண்டு படுக்கிறான், தண்ணீர், பாத்ரூம், கதை என்று எழுந்துகொண்டே இருக்கிறான். விடுமுறையில் மதியம் தூங்காவிட்டால் 8 மணிக்கே சாய்ந்துவிடுகிறான். தூங்கவைக்காதீர்கள் என்று சொன்னால், எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே விதி என்கிறார்கள். நான் கேட்பது தவறா?

தவறே இல்லை. தூங்காத நாளில் 8, தூங்கிய நாளில் 10.30 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதைவிட ஆதாரம் வேண்டாம். பையனுக்கு மதியத் தூக்கத்தின் தேவை குறைந்துவருகிறது. 3 வயதிலிருந்து 5 வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் அதை விட்டுவிடுவார்கள். ஆஸ்திரேலியாவில் கேரன் தார்ப்பும் அவருடைய குழுவினரும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2015இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இரண்டு வயதுக்கு மேல் பகலில் தூங்கும் குழந்தைகள் இரவில் தாமதமாகத் தூங்குவதும் இரவுத் தூக்கம் குறைவதும் அதில் தெளிவாகத் தெரிந்தது. காப்பகங்களில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டாயமாகப் படுக்கவைக்கப்பட்ட குழந்தைகளுக்கு இரவுத் தூக்கம் குறைந்திருந்ததாகவும் அதே குழுவின் இன்னொரு ஆய்வு சொல்கிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். 2013இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ரெபெக்கா ஸ்பென்சர் குழு 3 முதல் 5 வயதுக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், காலையில் கற்றுக்கொண்டதை மதியம் தூங்கியவர்கள் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். தினமும் தூங்கிப் பழகிய குழந்தைகளிடம்தான் அந்தப் பலன் அதிகமாகத் தெரிந்தது. ஆக, தூக்கம் தேவைப்படும் குழந்தையிடமிருந்து அதைப் பறிக்கக் கூடாது, தேவைப்படாத குழந்தைமேல் அதைத் திணிக்கவும் கூடாது. இரண்டு வகைக் குழந்தைகளும் ஒரே அறையில்தான் இருப்பார்கள். அதற்கு ஏற்பாடு செய்துகொடுப்பது காப்பகத்தின் வேலை. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

தூக்கம் வராத நாலு வயதுப் பிள்ளை இருட்டறையில் இரண்டு மணி நேரம் படுத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். போர்வையின் ஓரத்து நூலைப் பிரித்துக்கொண்டிருக்கும். பக்கத்துப் பாயில் தூங்குகிற பிள்ளையின் முடியைத் தொட்டுப் பார்க்கும். யாராவது உஸ் என்றால் உடனே கண்ணை இறுக மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடக்கும். அதற்குப் பேர் ஓய்வு இல்லை.

சரி, எப்படிக் கேட்பது? அங்கே வேலை செய்பவர்களுக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் சாப்பிட, அறையைச் சுத்தம் செய்ய, டைரி எழுதக் கிடைக்கும் நேரம். இதைத் தெரிந்துகொண்டு பேசினால் பாதிக் கதவு திறந்துவிடும். "தூங்கவைக்காதீர்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள், அது அவர்கள் காதில் "என் பிள்ளைக்காக ஒரு ஆளை ஒதுக்குங்கள்" என்றுதான் விழும். "45 நிமிடத்தில் எழுப்பிவிட முடியுமா, எழுந்த பிறகு சத்தம் போடாமல் படம் பார்க்க நானே இரண்டு புத்தகம் கொடுத்து அனுப்புகிறேன்" என்று கேளுங்கள். அவனைக் கடைசியாகப் படுக்கவைத்து முதலில் எழுப்பச் சொல்லுங்கள். அவன் பாயைக் கதவோரம், வெளிச்சம் விழும் இடத்தில் போடச் சொல்லலாம். அரை மணி நேரம் படுத்தும் தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்கார அனுமதி இருக்கட்டும். இரண்டு வாரம் இப்படிப் பார்க்கலாம் என்று கெடு சொல்லிக் கேட்டால் மறுக்க மனசு வராது. அந்த இரண்டு வாரமும் அவன் மதியம் தூங்கிய நேரம், எழுந்த நேரம், இரவு தூங்கிய நேரம் மூன்றையும் ஒரு தாளில் குறித்து அவர்களிடமே காட்டுங்கள்.

ஒன்று ஞாபகம் வையுங்கள். மதியத் தூக்கம் ஒரே நாளில் நின்றுவிடாது. திங்கள் தூங்காமல் இருப்பான், செவ்வாயும் அப்படியே, புதன்கிழமை சாப்பாட்டுத் தட்டிலேயே தலை சாயும். மாதக்கணக்கில் இப்படித்தான் போகும். தூங்காத நாளில் சாயங்காலம் 5 மணிக்கு மேல் ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழுவான். அன்று 7, 7.30க்கே படுக்கவையுங்கள். தூங்கிய நாளில் 9க்கு முன்னால் படுக்கையில் போட்டு மல்லுக்கட்ட வேண்டாம். அப்புறம், இரவு தூங்கவில்லை என்று தயவுசெய்து அவனைத் திட்டாதீர்கள். அவன் அடம் பிடிக்கவில்லை, தூக்கம் வரவில்லை.

குழந்தைக்கு 5 மாதம். பால் குடித்தபடியே தூங்குவாள், இல்லாவிட்டால் என் நெஞ்சின்மேல் தூங்குவாள். கீழே விட்டால் முழித்துவிடுவாள். அடுத்த மாதம் வேலையில் சேரவேண்டும். டே கேரில் இவளை யார் நெஞ்சில் போட்டுத் தூங்கவைப்பார்கள்? இப்போதே எல்லாவற்றையும் மாற்றவேண்டுமா? பயமாக இருக்கிறது.

எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். குழந்தைகள் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரிந்துகொள்வார்கள். அம்மாவிடம் பால் இருக்கிறது, இவரிடம் தட்டிக்கொடுக்கும் கை இருக்கிறது என்பது அவர்களுக்குச் சீக்கிரமே புரிந்துவிடும். வீட்டில் நெஞ்சைவிட்டு இறங்காத குழந்தை காப்பகத்தில் தொட்டிலில் தூங்குவது எங்களுக்கு அன்றாடக் காட்சி. இப்போதைக்கு ஒரே ஒரு தூக்கத்தை மட்டும், காலையில் வரும் முதல் தூக்கத்தை, தொட்டிலில் பழக்குங்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுதான் சுலபமாக வரும். கண் செருகும்போது கிடத்தி, நெஞ்சில் கை வைத்து அப்படியே கொஞ்ச நேரம் இருங்கள். அழுதால் தூக்கிக்கொள்ளுங்கள், நாளைக்கு மறுபடி.

அதைவிட முக்கியமான வேலை, அவளுக்குத் தூக்கம் வருவதற்கு முன்னால் என்ன செய்வாள் என்று எழுதி டீச்சரிடம் கொடுப்பது. கண்ணைக் கசக்குவதற்கு முன்னாலேயே சில குழந்தைகள் காதை இழுக்கும், சில குழந்தைகள் தோளில் முகத்தைத் தேய்க்கும், சில சுவரையே வெறித்துப் பார்க்கும். உங்களுக்கு இது பழகிவிட்டது, புதிதாகப் பார்ப்பவருக்குத் தெரியாது. 5 மாதத்தில் இரண்டு மணி நேரம் விழித்திருந்தாலே பெரும்பாலான குழந்தைகளுக்குத் தூக்கம் வந்துவிடும். அந்த நேரத்தை விட்டுவிட்டால் அழுது அழுது தூக்கம் கலைந்துபோகும். சேர்ப்பதற்கு முன்னால் சில நாள் நீங்களும் கூடப் போய், ஒரு தூக்கத்துக்காவது அவர்களே படுக்கவைக்கும்படி விட்டுப் பக்கத்தில் இருங்கள். முதல் வாரம் அங்கே அரைகுறையாகத்தான் தூங்குவாள், இரவில் அடிக்கடி எழுந்து பால் கேட்பாள். பிரிவுக்கு ஈடுகட்டுகிறாள். அதுவும் அடங்கும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள், டே கேரிலும் வீட்டிலும். ஒரு வயது வரை எல்லாத் தூக்கத்துக்கும் மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும். தட்டையான, அமுங்காத படுக்கை, தனித் தொட்டில், உள்ளே தலையணை, கனமான போர்வை, பொம்மை எதுவும் கூடாது. கார் சீட்டிலோ ஊஞ்சல் இருக்கையிலோ தூங்கிப்போனால், போய்ச் சேர்ந்ததும் தொட்டிலுக்கு மாற்ற வேண்டும். உருள ஆரம்பிக்கும் வயது, இனித் துணியில் இறுகச் சுற்றவும் கூடாது. அமெரிக்காவில் 1994இல் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லும் இயக்கம் தொடங்கிய பிறகு, தூக்கத்தில் காரணம் தெரியாமல் இறக்கும் குழந்தைகளின் விகிதம் சில ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மல்லாக்கவே தூங்கிப் பழகிய குழந்தையைத் திடீரென்று யாரோ ஒருவர் குப்புறப் படுக்கவைப்பதுதான் மிகவும் ஆபத்து. அதனால்தான் புதிதாகப் பார்த்துக்கொள்ளப்போகும் ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்கிறேன். "அவர்களுக்குத் தெரிந்திருக்கும்" என்று விடாதீர்கள். உங்கள் நெஞ்சில் தூங்குவதும் நீங்கள் முழித்திருக்கும்வரை சரி. சோபாவில் இரண்டு பேரும் சேர்ந்து கண்ணயர்வது கூடவே கூடாது.

மேடம், 20 மாதப் பையன். வாரத்தில் மூன்று நாள் டே கேர், இரண்டு நாள் என் அம்மா பார்த்துக்கொள்கிறார். டே கேரில் 2.30க்கு எழுந்துவிடுகிறான். அம்மாவிடம் 2 மணிக்குப் படுத்து 5 வரை தூங்குகிறான். எழுப்பச் சொன்னால், தூங்குகிற பிள்ளையை எழுப்பக் கூடாது என்கிறார். அம்மாவோடு சண்டை போடவும் முடியவில்லை.

சண்டையே வேண்டாம். எவ்வளவு நேரம் தூங்கவைப்பது என்று அம்மாவிடம் பேசாதீர்கள், எப்போது படுக்கவைப்பது என்று பேசுங்கள். 2 மணிக்குப் பதிலாக 12.30க்குப் படுக்கவைத்தால் அவர் எழுப்பாமலே பிள்ளை 3க்குள் எழுந்துவிட வாய்ப்பு அதிகம். அப்படியும் தூங்கினால் திரையை விலக்கி, வீட்டுச் சத்தங்களைத் தடுக்காமல் விட்டால் போதும், பிள்ளை தானாக அசையும். மற்றபடி மடியில் போட்டுத் தூங்கவைக்கட்டும், பாடித் தூங்கவைக்கட்டும், அதில் தலையிடாதீர்கள். பாட்டியின் முறையும் டே கேர் முறையும் ஒன்றாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை, தூங்கி எழும் நேரம் ஒத்துப்போனால் சரி.

வீட்டில் இரண்டு மணி நேரம் தூங்கும் என் பெண், டே கேரில் 40 நிமிடத்தில் எழுந்துவிடுகிறாளாம். ஒன்றரை வயது. சரியாகக் கவனிக்கவில்லையோ?

அந்த 40 நிமிடத்தை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்டாதீர்கள். சிறு குழந்தைகளின் தூக்கச் சுற்று ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஒரு சுற்று முடியும்போது லேசாக விழிப்பார்கள், வீட்டில் அப்படியே மறுபடி தூங்கிவிடுவார்கள், அங்கே பக்கத்துப் பிள்ளை இருமினாலும் முழுசாக எழுந்துவிடுவார்கள். "எழுந்ததும் என்ன செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். சில நிமிடம் தட்டிக்கொடுத்துப் பார்க்கிறோம் என்றால் அது நல்ல இடம். வீட்டில் அவள் கூடவே வைத்துத் தூங்கும் சின்னத் துணியைத் துவைக்காமல், வீட்டு வாசனையோடு அனுப்புங்கள். டைரியில் "நன்றாகத் தூங்கினாள்" என்று எழுதுவதற்குப் பதில் தூங்கிய நேரமும் எழுந்த நேரமும் எழுதச் சொல்லுங்கள். அதை வைத்துத்தானே அன்றைய இரவை நீங்கள் திட்டமிட முடியும்.

பையனுக்கு இரண்டு வயது முடிந்து ஒரு மாதம். இரண்டு வாரமாக டே கேரில் மதியம் தூங்கவே மாட்டேன் என்கிறானாம். இனி அவனுக்குத் தூக்கம் தேவையில்லை, விட்டுவிடலாம் என்கிறார் டீச்சர். விடலாமா?

இப்போதே விடவேண்டாம். 2020இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி இரண்டு வயதுக்கு முன்னால் பகல் தூக்கத்தை விட்ட குழந்தைகள் 2.5 சதவீதத்துக்கும் குறைவு, 5 வயதுக்குள் விட்டவர்கள் 94 சதவீதம். உங்கள் பையன் வயதில் இது பெரும்பாலும் வந்துபோகிற கட்டம்தான். அறை மாற்றியிருப்பார்கள், பிடித்த டீச்சர் விடுப்பில் போயிருப்பார், வீட்டில் தம்பியோ தங்கையோ பிறந்திருக்கும், அல்லது "மாட்டேன்" என்று சொல்லக் கற்றுக்கொண்ட சந்தோஷம். தூங்காவிட்டாலும் தினமும் அதே நேரத்தில் அதே இடத்தில் படுக்கவைக்கச் சொல்லுங்கள், ஒரு மாதமாவது. அதுவரை இரவு சீக்கிரம் படுக்கட்டும்.

இந்தக் கடிதத்தின் கடைசியில் "இரவில் நன்றாகக் குறட்டை விடுவான்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. சளி பிடித்திருக்கும்போது வருகிற குறட்டை என்றால் பரவாயில்லை. சளி இல்லாமலே பெரும்பாலான இரவுகளில் குறட்டை, வாயைத் திறந்து மூச்சு விடுவது, நடுவில் மூச்சு நின்று திணறுவது, தலையைப் பின்னால் சாய்த்துத் தூங்குவது இதில் எது இருந்தாலும் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையோ தொண்டையில் இருக்கும் டான்சிலோ வீங்கியிருந்தால் எத்தனை மணி நேரம் தூங்கினாலும் அது நல்ல தூக்கமாக இருக்காது, பகலில் அது எரிச்சலாகவும் ஓட்டமாகவும் வெளிப்படும். போவதற்கு முன்னால் அவன் தூங்கும்போது மார்பும் முகமும் தெரியும்படி, சத்தத்தோடு, ஒரு நிமிட வீடியோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முன்னால் அவன் குறட்டை விடப்போவதில்லை.